பார்த்த வண்டியை மட்டும் சொன்னவர்

கொய்யாப்பழம் இனிக்குமா என்று கேட்டால் இனிக்கும் என்று சொல்லாத பழ வியாபாரி ஒருவரைத்தான் நான் பார்த்திருக்கிறேன். செஞ்சி பஸ் நிலையத்தில் வண்டிகள் வெளியே திரும்பும் முனையில் தள்ளுவண்டி போட்டிருந்தார். "நான் இன்னா உள்ள பூந்தா பாத்தேன்? இந்தா, கடிச்சிப் பாத்துட்டு நீயே சொல்லு" என்று ஒரு கீற்று அறுத்து, உப்பும் மிளகாய்த்தூளும் தடவி நீட்டுவார். புதிதாக வருகிறவர்களுக்கு முகம் சுருங்கிவிடும். இந்தம்மாவுக்கே தன் சரக்கின் மேல் நம்பிக்கை இல்லையா என்று நினைப்பார்கள். பிறகு அரைக் கிலோ வாங்கிக்கொண்டு போவார்கள்.

எல்லோருக்கும் அவர் அக்கா. ஓய்வு பெறப்போகிற கண்டக்டர்கள்கூட அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவருக்கு அப்போது நாற்பத்தைந்து வயது இருந்தால் அதிகம்.

கோட்டை பார்க்க வருகிற வெளியூர்க்காரர்கள் பஸ்ஸை விட்டு இறங்கியதும் மலையைக் காட்டி, "மேல ஏற எவ்வளவு நேரம் ஆகும்மா?" என்று அவரிடம்தான் கேட்பார்கள். "நான் ஏறினதில்லியே" என்பார். இருபது வருடமாக அந்த மலையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறவர். ஒரு மணி நேரம் ஆகும் என்று சொன்னால் என்ன குறைந்துபோகும் என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"அவன் கெழவனா கொமரனா, மூட்டுவலி இருக்குதா இல்லியா, எனக்கு எப்டித் தெரியும்? ஒரு மணி நேரம்னு நான் சொல்லி, அத நம்பி நாலு மணிக்கு மேல போய், எறங்கறதுக்குள்ள இருட்டிடுச்சின்னா?"

அவர் சொன்னது நியாயம்தான். ஆனால் எரிச்சலாக இருந்தது. அக்காவோடு பழகியவர்கள் எல்லோருக்கும் இந்த எரிச்சல் பழக்கம்.

இப்படிப்பட்டவர் கையில் ஒரு போன் கிடைத்ததுதான் எங்கள் நல்ல காலம். அவர் மகள் நர்சிங் படிக்க வெளியூர் போனபோது, ஒரு சமூக வலைத்தளத்தில் அம்மாவுக்குக் கணக்கு தொடங்கிக் கொடுத்துவிட்டுப் போனாள். அம்மா என்ன செய்துகொண்டிருக்கிறாள் என்று அவ்வப்போது தெரிந்தால் போதும் என்பது அவள் எண்ணம். அம்மா தன் கண்ணெதிரே நடப்பதை எழுதினார். அவர் கண்ணெதிரே நடந்ததெல்லாம் பஸ். "மேல்மலையனூர் வண்டி கெளம்பிடுச்சி. 7.20. சீட்டு இல்ல, நிக்கலாம்." அவர் எட்டாவது வரை படித்தவர். எழுத்தெழுத்தாகத் தட்டப் பொறுமை இல்லாமல் போனிடம் வாயால் சொல்லிவிடுவார், அது அவர் பேசியபடியே எழுதிக்கொள்ளும். மகள் விழுந்து விழுந்து சிரித்துத் தோழிகளுக்குக் காட்டினாள். தோழிகளுக்குப் பஸ் தேவைப்பட்டது. ஒரு வருடத்துக்குள் செஞ்சியைச் சுற்றியுள்ள ஊர்களில் கல்லூரிக்கும் வேலைக்கும் போய்க்கொண்டிருந்த பெண்களில் பாதிப்பேர் அவரைப் பின்தொடர ஆரம்பித்தார்கள்.

எங்கள் ஊர் பனமலைக்கு முன்னால், ஏரியை ஒட்டி உள்ளே தள்ளி இருக்கிறது. காலை ஆறு பத்துக்குச் செஞ்சியில் கிளம்பி எங்கள் ஊர் வழியாக விழுப்புரம் போகும் வண்டி ஒன்று. எட்டரைக்குச் செஞ்சி போகும் வண்டி ஒன்று. சாயங்காலம் ஐந்து நாற்பதுக்குச் செஞ்சியில் கிளம்பி ஊருக்கு வரும் வண்டி ஒன்று. நான் அப்போது செஞ்சிக் கடைத்தெருவில் ஒரு ஜெராக்ஸ் கடையில் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். "அஞ்சு நாப்பது வந்து நிக்குது" என்று அக்கா போட்டால் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு ஓடுவேன். போடவில்லை என்றால் இன்னும் இரண்டு பட்டா மனு அடிப்பேன். "கெளம்பிடுச்சி" என்று போட்டதை ஊரில் தம்பி பார்த்துச் சொன்னால், நைனா சைக்கிளை எடுத்துக்கொண்டு ரோட்டுக்கு வருவார்.

அவர் பதிவுகளில் மூன்றே செய்திகள்தான் இருக்கும். வந்து நிக்குது, கெளம்பிடுச்சி, வரல. "வரும்" என்று ஒரு நாளும் போட்டதில்லை. "எப்பக்கா வரும்?" என்று கீழே கெஞ்சுவார்கள். "வந்தா சொல்றேன்" என்பதுதான் பதில். டிரைவரே வந்து "அக்கா, பத்து நிமிஷத்துல எடுத்துடுவேன், போட்டு வுடு" என்று சொன்னாலும், "எடு, போடறேன்" என்பார்.

பஸ்ஸில் மட்டும் இப்படி இருந்திருந்தால் தொழில் சுத்தம் என்று விட்டுவிடலாம். எல்லாவற்றிலும் அப்படித்தான் இருந்தார். ஒரு பையனைப் பற்றி விசாரிக்கப் பெண்வீட்டார் அவரிடம் வந்தார்கள். பையன் பஸ் நிலையத்தையே சுற்றிக்கொண்டிருப்பவன், அக்காவுக்குத் தெரியாமல் இருக்காது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். "எட்டு இருவது வண்டில ஏறுவான். ஆறே காலுக்கு எறங்குவான். நான் பாத்த வரைக்கும் நேரா நடந்துதான் போவான்" என்றார். குணம் எப்படி என்று கேட்டதற்கு, "அத யாரு பாத்தா" என்று சொல்லிவிட்டு ஈயை விரட்டினார். கல்யாணம் நடந்தது. நேராக நடந்துபோகிற மாப்பிள்ளை கிடைப்பதே பெரிது என்று அந்தப் பெண்ணின் அம்மா நினைத்திருக்க வேண்டும்.

அவர் கணவரைப் பற்றி நான் ஒரே ஒரு தடவை கேட்டிருக்கிறேன். "திண்டிவனம் வண்டில ஏறினாரு, பொண்ணுக்கு அப்ப ஆறு வயசு. ஜன்னல் சீட்டு கெடச்சிது" என்றார். விட்டுவிட்டுப் போய்விட்டாரா என்று கேட்டேன். "ஏறினததான் பாத்தேன்." அழவில்லை, திட்டவில்லை. இவ்வளவு கறாராக ஒருத்தர் இருக்க முடியுமா, இல்லை இது கல்நெஞ்சா என்று வீட்டுக்குப் போகிற வரையில் யோசித்துக்கொண்டிருந்தேன்.

பிறகு அந்தத் தளத்துக்குப் புத்தி மாறியது. ஒரு நாள் மத்தியானம் அக்கா போனை என்னிடம் நீட்டி, "இன்னா சொல்லுது பாரு இது" என்றார். இன்றைய பதிவுகளின் அளவு முடிந்துவிட்டது, நாளை முயலவும் என்றிருந்தது. மாதாமாதம் பணம் கட்டுகிறவர்களுக்கு அந்த அளவு இல்லை. நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து கட்டிவிடுகிறோம் என்றோம். "வண்டி போயிடுச்சின்னு சொல்றதுக்கு எவனாச்சும் காசு கட்டுவானா?" என்று மறுத்துவிட்டார். வேறொரு இடத்தில் குரூப் ஆரம்பித்து அவரைச் சேர்த்தோம். அங்கே ஆளாளுக்கு "வருதாம்", "வரலியாம்", "டயர் பஞ்சராம்" என்று போட ஆரம்பித்தார்கள். இரண்டே நாளில் அக்கா வெளியேறிவிட்டார்.

கிடைத்த அளவை எப்படிச் செலவழிப்பது என்று அவர் யோசித்து முடிவுசெய்ததைக் கேட்டால் ஆச்சரியமாக இருக்கும். திண்டிவனம், திருவண்ணாமலை வண்டிகளை முதலில் நிறுத்தினார். அதற்கெல்லாம் ஒன்று போனால் ஒன்று வரும். மேல்மலையனூர் அமாவாசைக்கு விடுகிற சிறப்பு வண்டிகளைத் தொடவே இல்லை. ஒரு நாளைக்கு இரண்டு வண்டி, மூன்று வண்டி மட்டும் போகிற ஊர்களுக்கு முழு அளவையும் ஒதுக்கினார். திண்டிவனத்துக்காரர் ஒருவர் கடைக்கே வந்து, "நாங்க இன்னா பாவம் பண்ணோம்?" என்று கத்தினார். அக்கா அவருக்குக் கொய்யாப்பழம் அறுத்துக் கொடுத்தார்.

எழுதுவதற்கு மட்டுமல்ல, பார்ப்பதற்கும் அளவு வந்தது. இத்தனை பதிவுகள் பார்த்துவிட்டால் அதற்கு மேல் அந்தத் தளம் ஒன்றும் காட்டாது, ஒரு நாள் முழுக்கக் காத்திருக்க வேண்டும். எங்கள் ஊர்ப் பெண்கள் காலையிலேயே புடவையும் கோலமும் பார்த்துத் தீர்த்துவிட்டு, சாயங்காலம் பஸ் பார்க்கப் போனால் திரை வெறுமையாக நிற்கும். அதனால் ஏரித் தண்ணீருக்கு முறை வைப்பது போல முறை வைத்தோம். ஒரு நாளைக்கு ஒருத்தி வேறு எதையும் பார்க்காமல் தன் அளவைச் சேமித்து வைத்து, அக்காவின் பதிவை மட்டும் பார்த்து மற்றவர்களுக்குக் குரல் கொடுக்க வேண்டும். "இன்னிக்கு யாரு முறை?" என்பது தெருவில் சாதாரணப் பேச்சாகிவிட்டது. முறைக்காரி கண்ணை மூடிக்கொண்டு இருந்தாளா என்று மற்றவர்கள் வேவு பார்ப்போம். எனக்கு அந்த நாட்கள் ரொம்பப் பிடித்திருந்தன.

அதற்கப்புறம் வந்ததுதான் பெரிய கோளாறு. பதிவுகள் வரிசை தப்பி வர ஆரம்பித்தன. காலையில் போட்டது ராத்திரி வந்தது. நேற்றையது இன்று மேலே வந்து நின்றது. அதன் மேல் போட்டிருக்கும் நேரமும் கெட்டுப்போய், எல்லாவற்றுக்கும் "சற்று முன்" என்றே காட்டியது. அக்கா எப்போதும் மணியை மட்டும் சொல்வார், தேதி சொல்லமாட்டார். நேற்றுப் போன வண்டியை இன்று யாராவது பார்ப்பார்கள் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. எங்களுக்கும் தோன்றவில்லை.

அந்தச் சமயத்தில்தான் எனக்கு நேர்காணல் வந்தது. செஞ்சியில் ஒரு அரசு அலுவலகத்தில் கம்ப்யூட்டர் ஆபரேட்டர் வேலை. ஒப்பந்தம்தான், ஆனாலும் ஜெராக்ஸ் கடையில் நின்றுகொண்டே டைப் அடித்து இடுப்பொடிந்துபோன எனக்கு அது பெரிய வாசல். விழுப்புரத்தில் காலை பத்து மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். ஆறு பத்து வண்டி எங்கள் ஊருக்கு ஏழு மணிவாக்கில் வரும். அன்றைக்கு முறை என்னுடையதே. ஆறு இருபதுக்குப் பார்த்தேன். "விழுப்புரம் வண்டி கெளம்பிடுச்சி. 6.10. சீட்டு இருக்குது." தலை சீவி, சர்டிபிகேட் கவரை எடுத்துக்கொண்டு ரோட்டுக்கு வந்து நின்றேன்.

ஏழரை ஆயிற்று. பக்கத்துத் தெருக்காரர் ஒருவர் மூன்று சக்கர வண்டியில் காய்கறி ஏற்றிக்கொண்டு, "மெயின் ரோட்ல வுடட்டுமா, ஏறிக்கறியா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். வண்டி கிளம்பிவிட்டது என்று அக்கா போட்டிருக்கும்போது நான் எதற்குக் காய்கறியோடு போக வேண்டும்? வேறு யார் சொல்லியிருந்தாலும் ஏறியிருப்பேன். எட்டு மணி வரைக்கும் நின்றேன். அப்புறம் மெயின் ரோட்டுக்கு நடந்து, வண்டி மாறி, விழுப்புரம் போய்ச் சேர்ந்தபோது பதினொன்றரை. பெயர் கூப்பிட்டு முடித்து, என் பெயருக்கு நேரே வரவில்லை என்று எழுதியிருந்தார்கள். வாசலில் இருந்தவர் எதுவாக இருந்தாலும் அதிகாரியிடம்தான் பேச வேண்டும், அவர் சாப்பிடப் போய்விட்டார் என்றார். அங்கேயே படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். பிறகு நேராகச் செஞ்சிக்குப் பஸ் ஏறினேன்.

அக்காவை அன்றைக்கு நான் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. பழம் வாங்க வந்தவர்கள் ஒதுங்கி நின்றார்கள். "பாத்ததத்தான் போடுவேன், பாத்ததத்தான் போடுவேன்னு பெரும பேசினியே, எதப் பாத்துக் கெளம்பிடுச்சின்னு போட்ட?" என்று போனை அவர் முகத்துக்கு நேராக நீட்டினேன். அவர் வாங்கிப் பார்த்தார். பிறகு தன் போனைக் காட்டினார். அதில், "ஆறு பத்து இன்னிக்கி வரல. வேற வழி பாத்துக்கங்க" என்று காலையிலேயே போட்டிருந்தார். நான் நம்பிக்கொண்டு நின்றது முந்தின நாள் பதிவு. அவருடைய அன்றைய பதிவு என் போனுக்கு அதுவரை வரவே இல்லை.

"அக்கா மேல தப்பு இல்லம்மா" என்று பக்கத்தில் நின்றிருந்த ஒருவர் சொன்னார்.

"தேதி சொல்லாதது என் தப்புதான்" என்றார் அக்கா. என்னைப் பார்த்து, "நாளைக்கும் அங்க ஆளுங்களக் கூப்டறாங்களா?" என்று கேட்டார். இரண்டு நாள் நேர்காணல், நாளையோடு முடிகிறது என்றேன். "நான் வந்து சொல்றேன். வண்டி வரலன்னு பாத்தவ நான்தான்."

மறுநாள் காலையில் அவர் ஆறு பத்தில் ஏறி வந்தார். நான் எங்கள் ஊரில் ஏறினேன். பக்கத்தில் இடம் பிடித்து வைத்திருந்தார். மடியில் ஒரு பை நிறையக் கொய்யாப்பழம். வெளுத்த நீலப் புடவை கட்டி, தலை நிறைய எண்ணெய் வைத்திருந்தார். தள்ளுவண்டியைத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு வந்தாராம். கிளம்பும்போது ஒரு பதிவு போட்டிருந்தார். "இன்னிக்கு நான் செஞ்சில இல்ல. எதயும் பாக்கல."

அதிகாரி நடுவயதுக்காரர், கண்ணாடிக்கு மேலே பார்க்கிறவர். வண்டி வராத கதையை நான் திக்கித் திக்கிச் சொன்னேன். எல்லோரும் சொல்வதுதானே என்று அவர் முகத்தில் எழுதியிருந்தது. அக்கா முன்னால் வந்தார்.

"வண்டி வரல சார். அஞ்சே முக்காலுல இருந்து ஏழு மணி வரைக்கும் அந்த எடத்தப் பாத்துக்கினு இருந்தேன். கெளம்பிடுச்சின்னு இந்தப் பொண்ணு பாத்தது நான் முந்தா நாளு போட்டது. அது லேட்டா வந்து இதக் கவுத்துடுச்சி."

அதிகாரி இரண்டு போனையும் வாங்கிப் பார்த்தார். முகம் கொஞ்சம் இளகியது. "சரிம்மா. பொண்ணு நல்லா டைப் அடிக்குமா?" என்று சாதாரணமாகக் கேட்டார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது.

"அத நான் பாத்ததில்ல சார்" என்றார் அக்கா.

அந்த இடத்திலேயே அவரைக் கடித்துத் தின்றுவிடலாம் போல இருந்தது. ஜெராக்ஸ் கடையில் நான் இரண்டு வருடமாக அடிப்பது ஊருக்கே தெரியும். ஆனால் அக்கா தள்ளுவண்டியை விட்டு எங்கள் கடைப்பக்கம் ஒரு நாளும் வந்ததில்லை. அதிகாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். "அப்ப இப்பப் பாருங்க" என்று மூலையில் இருந்த கம்ப்யூட்டரைக் காட்டி என்னை உட்காரச் சொன்னார். ஒரு சுற்றறிக்கையைக் கையில் கொடுத்தார். முதல் வரியில் இரண்டு தப்பு. பிறகு பழக்கம் பிடித்துக்கொண்டது. அக்கா என் பின்னால் வந்து நின்று, ஈ மொய்க்காத இடத்தில்கூடக் கையை வீசிக்கொண்டிருந்தார். அடித்து முடித்ததும், "நல்லா அடிக்குது சார். காயிதத்தப் பாத்துக்கினே அடிக்குது, கீழ குனியவே இல்ல" என்றார்.

வேலை கிடைத்தது. அடுத்த மாதமே சேர்ந்துவிட்டேன்.

அக்காவுக்கு நடந்தது வேறு. "இன்னிக்கு நான் செஞ்சில இல்ல" என்ற பதிவுக்குக் கீழே எல்லா ஊர்க்காரர்களும் வந்து கேட்டிருந்தார்கள். எங்கக்கா போன, உடம்பு சரியில்லையா, எப்ப வருவ என்று கேள்விக்கு மேல் கேள்வி. நிறையப் பேர் பேசிய பதிவு என்பதால் அந்தத் தளம் அதையே திரும்பத் திரும்ப எல்லோர் கண்ணிலும் காட்டியது. அக்கா மறுநாளே கடைக்குத் திரும்பி, இப்போது தேதியும் சேர்த்து, வண்டி வண்டியாகப் போட்டுக்கொண்டிருந்தார். அவை யார் கண்ணிலும் படவில்லை. போன் எடுத்தால் முதலில் நின்றது, "இன்னிக்கு நான் செஞ்சில இல்ல. எதயும் பாக்கல." ஒரு வாரம், இரண்டு வாரம், ஒரு மாதம். அழித்தும் பார்த்தார். அழித்த பிறகும் சிலருக்கு வந்தது. அக்கா கடையை எடுத்துவிட்டு மகளோடு போய்விட்டார் என்று எங்கள் ஊரில் முடிவே கட்டிவிட்டார்கள். இல்லை, இருக்கிறார் என்று நான் சொன்னேன். ஒன்றிரண்டு பேரிடம் சொன்னேன். முறை வைப்பது நின்றுபோனது. அவரவர் ரோட்டில் போய் நின்று பார்த்துக்கொண்டார்கள். எனக்காக ஒரு நாள் கடையை மூடியதற்கு அவர் கொடுத்த விலை இது என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டு சும்மாதான் இருந்தேன்.

ஐந்தாவது மாதம் ஒரு சாயங்காலம், மனசு கேட்காமல் அவரைப் பார்க்கப் போனேன். பஸ்கள் இரைந்துகொண்டிருந்தன. அக்கா ஐந்து நாற்பது வண்டி உள்ளே திரும்புவதைப் பார்த்து, "வந்து நிக்குது" என்று போனிடம் சொல்லிக்கொண்டிருந்தார். முன்பெல்லாம் அந்தப் பதிவுக்கு உடனே நூறு பேர் கைகூப்புவார்கள். இப்போது ஒன்றும் இல்லை.

"யாருமே பாக்கறதில்லியேக்கா. எதுக்கு இன்னும் போட்டுக்கினு இருக்கற?"

"ஏன், நீ பாக்கறியே" என்றார் பழத்தைத் துடைத்துக்கொண்டே.

"ஆமாக்கா. தெனமும் பாக்கறேன்" என்றேன்.

மூன்று மாதமாக நான் அந்தப் பக்கத்தைத் திறந்ததே இல்லை. சம்பளக் காசில் முன்பணம் கட்டி ஸ்கூட்டர் வாங்கியிருந்தேன். அவர் கண்ணில் படக்கூடாது என்று அதைக் கட்டணக் கழிப்பறைக்குப் பின்னால் நிறுத்திவிட்டுத்தான் வந்திருந்தேன். ஐந்து நாற்பதில் யார் ஏறுகிறார்கள், யார் ஏறவில்லை என்று நாள் தவறாமல் பார்த்துக்கொண்டிருக்கிறவரிடம்.

அக்கா நல்ல பழமாக நாலு பொறுக்கி ஒரு பையில் போட்டு என் கையில் கொடுத்தார். வண்டி எங்களைக் கடந்து வெளியே திரும்பியது. அவர் அதையே பார்த்துக்கொண்டு, "கெளம்பிடுச்சி. சீட்டு இருக்குது" என்று போனிடம் சொல்லி முடித்தார். பிறகு என் பக்கம் திரும்பாமலே சொன்னார்.

"ஹெல்மெட்டு போட்டுக்கினு போம்மா."